அமாவாசை கழித்து அந்தமான்

அன்புள்ள சுமதி,

உன் மெயில் கிடைத்தது, ஏஜென்ட் போட்டுக்கொடுத்த பயணத் திட்டத்தையும் பார்த்தேன். முதலில் வீட்டுச் செய்தி: அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, இப்போது சீரியலில் யார் என்ன புடவை கட்டியிருக்கிறார்கள் என்பது வரை சொல்கிறாள். உன் பெண்ணுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம், அவளிடம் தனியாகப் பேசுகிறேன்.

சரி, அந்தமான் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லை. நாலு இரவுக்குள் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், பாராடாங் எல்லாவற்றையும் திணித்திருக்கிறார், போதாததற்கு தைப்பூச லீவை ஒட்டி. தைப்பூசம் என்றால் பௌர்ணமி. நிலா வெளிச்சத்தில் கடற்கரை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நான் எதற்காக இத்தனை வருஷமாக அங்கே போக வேண்டும் என்று உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறேனோ, அது பௌர்ணமியில் கண்ணுக்கே தெரியாது. ஹேவ்லாக்கில் சில இடங்களில் இரவில் கடல் ஒளிரும் தெரியுமா? தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன, அசைத்தால் அவை மின்னும். கயாக் படகில் கூட்டிப்போகிறார்கள். துடுப்பை உள்ளே விட்டால் அதன் ஓரமெல்லாம் நீலமாகப் பொறி பறக்கும், கையை விட்டு எடுத்தால் விரல் இடுக்கில் வழிகிற தண்ணீர்கூட ஒரு நொடி மினுங்கும் என்று அக்கா பெண் போய்விட்டு வந்து சொன்னாள். இதைப் பார்க்க நல்ல இருட்டு வேண்டும். அதனால் தைப்பூசம் வேண்டாம், தை அமாவாசை.

நீ இப்போது என்ன சொல்வாய் என்று தெரியும். அன்றைக்கு உங்கள் வீட்டில் தர்ப்பணம், நீ நகர முடியாது. நகர வேண்டாம். அமாவாசை முடிந்து மறுநாள் காலை விமானம் ஏறுவோம், அதுதான் இன்னும் நல்லது. வளர்பிறையின் ஆரம்ப நாட்களில் பிறை சீக்கிரமே மறைந்துவிடும், இருட்டு அப்படியே இருக்கும். அப்புறம் இன்னொரு லாபமும் உண்டு: அமாவாசை, பௌர்ணமி இரண்டுக்கும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கடல் ஏற்றமும் வற்றமும் உச்சத்துக்குப் போகும். நீல் தீவில் இயற்கையாக அமைந்த பாறைப் பாலம் ஒன்று இருக்கிறது இல்லையா, அதன் அடியில் நடந்து போய்ப் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர் நன்றாக வற்றியிருக்க வேண்டும். வற்றிய நேரத்தில் பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் குட்டி மீன், கடல் வெள்ளரி எல்லாம் மாட்டிக்கொண்டு கிடக்கும். ஆனால் அதே நேரத்தில் பரத்பூர் கடற்கரையில் ஸ்நார்க்கலிங் போனால் பவளம் வயிற்றில் உரசும். வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு மணி நேரம் இருக்கிறது, ஆகவே ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம், நேரம் தெரிந்திருந்தால் போதும். இந்த நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும், அதனால் "காலை பத்து மணி: இயற்கைப் பாலம்" என்று ஏஜென்ட் எழுதியிருப்பதற்கு அர்த்தமே இல்லை. கடல் ஏறி வற்றும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை இணையத்திலேயே கிடைக்கிறது, தேதி முடிவானதும் நான் எடுத்து வைக்கிறேன்.

சூரியனும் அப்படித்தான். கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் தீவு ரொம்பக் கிழக்கே இருக்கிறது, சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னால் பொழுது விடியும், அதே போல முன்னாலேயே அடையும். தை மாதத்தில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் போய்விடும். மூன்று மணிக்குச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, மெதுவாக ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்குக் கிளம்பினால் இருட்டில் மணலைத்தான் பார்க்க வேண்டும். உனக்குத்தான் சொல்கிறேன்!

பாராடாங் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புக் குகை அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே போகிற ரோடு ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. அதை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002லேயே உத்தரவு போட்டும் வண்டிகள் வரிசை கட்டிப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. வண்டியை நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது என்று விதி இருந்தும், போகிறவர்களில் பாதிப் பேர் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு அவர்கள் தெரிகிறார்களா என்றுதான் தேடுகிறார்களாம். எனக்கு அது ஒப்பவில்லை. விடிவதற்கு வெகு முன்னாலேயே எழுந்து கிளம்ப வேண்டும் என்பது உனக்குப் போதுமான காரணமாக இருக்கும்.

மிச்சப்படும் அந்த நாளைக் கடைசியில் போர்ட் பிளேருக்கு வைத்துக்கொள்ளலாம். ஏஜென்ட் ஹேவ்லாக்கிலிருந்து காலைக் கப்பலில் வந்து மதியமே விமானம் ஏறச் சொல்கிறார். கடல் கொந்தளித்துக் கப்பலை ரத்து பண்ணிவிட்டால்? அதோடு நீ ஸ்கூபா பண்ணியே தீருவேன் என்கிறாய். முங்கிவிட்டு உடனே விமானம் ஏறக் கூடாது, உடம்பில் கரைந்திருக்கிற நைட்ரஜன் குமிழியாகிவிடும். ஒரே ஒரு முறை முங்கினால் 12 மணி நேரம், அதற்கு மேல் என்றால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பது கணக்கு. கடைசி இரவு போர்ட் பிளேரில் தங்கினால் இரண்டு கவலையும் தீர்ந்தது, செல்லுலார் சிறையையும் நிதானமாகப் பார்க்கலாம். ஏழு கிளைகளாகக் கட்டியது, இப்போது மூன்றுதான் நிற்கிறது. ஒரு கிளையின் அறைகள் அடுத்த கிளையின் முதுகைப் பார்த்தபடி இருக்கும், எதிரே இன்னொரு கைதியின் முகம்கூடத் தெரியக் கூடாது என்று அப்படி யோசித்திருக்கிறார்கள். தாழ்ப்பாள் கதவில் இல்லை, தள்ளிச் சுவருக்குள் குழித்து வைத்திருக்கிறார்கள், உள்ளேயிருந்து எவ்வளவு கையை நீட்டினாலும் எட்டாது. அரை மணி நேரத்தில் ஓடிப் பார்த்துவிட்டு வருகிற இடமா அது?

சில்லறை விஷயங்கள். போகும்போது அரசாங்கக் கப்பலில் போவோம், மெதுவாகத்தான் போகும், ஆனால் மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கலாம். டிக்கெட்டில் ஹேவ்லாக்கை ஸ்வராஜ் தீவு என்றும் நீலை ஷஹீத் தீவு என்றும் போட்டிருந்தால் பதறாதே, 2018இல் பெயர் மாற்றியாகிவிட்டது, போர்ட் பிளேரும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. கையில் ரொக்கம் வைத்துக்கொள். கரையில் கிடக்கிற சிப்பி, பவளத் துண்டு எதையும் பையில் போடாதே, உன் வழக்கம் எனக்குத் தெரியும், விமான நிலையத்தில் பிடிப்பார்கள். பவளத்தின் மேல் கால் வைக்கவும் கூடாது. 2010இல் கடல் சூடேறி அங்கே பவளம் ஏராளமாக வெளுத்துப்போனது, நாமும் மிதித்து வைக்க வேண்டாம்.

ஆக, ஹேவ்லாக்கில் மூன்று இரவு, நீலில் ஒன்று, போர்ட் பிளேரில் ஒன்று. ஏஜென்ட் திட்டத்தைவிட ஒரு இரவுதான் கூடுதல். உன் வீட்டுக்காரரிடம் இன்றைக்கே பேசு, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சரி என்று சொல்லிவிட்டால் நான் விமான டிக்கெட் போட்டுவிடுகிறேன். ஆதார் நகலையும் அனுப்பி வை, போன தடவை மாதிரி தலை பாதி வெட்டுப்பட்ட போட்டோ வேண்டாம்.

அன்புடன்,
வசந்தி