'விண்ணப்பதாரர் முகவரியில் இல்லை': வருவாய்க் கோட்டாட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வட மாவட்டங்களின் கோட்டாட்சியர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு சிற்றூரில் இ-சேவை மையம் நடத்துகிறேன். எங்கள் ஏரிக்கரையில் இருக்கும் இருளர் குடும்பங்களில் யாருக்கு எஸ்.டி. சான்று வேண்டுமானாலும் முதலில் என் கடைக்குத்தான் வருவார்கள். மற்றவர்களுக்குத் தாசில்தாரோடு முடிந்துவிடுகிற வேலை, பழங்குடிகளுக்கு மட்டும் உங்கள் மேசைவரை வந்தாக வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதமும் உங்களுக்கு.

போன வருடம் மே மாதம் ஒரு அம்மா, பிளஸ் டூ முடித்த மகளோடு வந்தார். கல்லூரியில் சேரச் சான்று வேண்டும். தை மாதமே விண்ணப்பம் போட்டிருந்தோம். எண்ணைத் தட்டிப் பார்த்தேன். நிராகரிக்கப்பட்டது. காரணம்: விண்ணப்பதாரர் முகவரியில் இல்லை.

இல்லைதான். பொங்கல் கழிந்த மறுவாரமே குடும்பம் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிட்டது. மழைக்கு முன்னால் வேலை முடிந்தால்தான் திரும்ப முடியும். மகள் அரசு விடுதியில் தங்கிப் படித்தாள். விசாரணைக்கு ஆள் வந்தது மாசியில். வாசலில் இருந்தது கயிறு போட்டுக் கட்டிய ஒரு தட்டி மட்டும். விண்ணப்பத்தில் கொடுத்திருந்த செல்போன் எண் சூளை மேஸ்திரியுடையது. அவருக்கு வந்த குறுஞ்செய்தி என்ன ஆனதென்று யாருக்குத் தெரியும்! எங்கள் பக்கத்து இருளர் குடும்பங்களில் பாதிக்கு மேல் இதே கதைதான், வருடம்தோறும், அதே மாதங்களில்.

இந்த ஒரு தாளுக்குப் பின்னால் எவ்வளவு பணம் நிற்கிறது என்று பாருங்கள். மிகவும் நலிவுற்ற 75 பழங்குடிகளுக்காக மத்திய அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ஜன்மன் திட்டத்துக்கு நாடு முழுவதற்குமாக 24,104 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவை 6 இனங்கள்: தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், இருளர். மாநில அரசு 2024-25 பட்ஜெட்டில் அறிவித்த தொல்குடி திட்டத்துக்கு 4 ஆண்டுகளில் 1,000 கோடி. வீடு, சாலை, குடிநீர், உதவித்தொகை எல்லாம் உண்டு. அறிவிப்பில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மொத்தப் பழங்குடிகளே 7,94,697 பேர்தான். இவ்வளவு சிறிய மக்கள்தொகைக்கு இவ்வளவு பெரிய நிதி. ஆனாலும் ஏரிக்கரைத் தட்டி அப்படியே இருக்கிறது.

போலிச் சான்று பயம் உங்களுக்கு இருக்கும். நியாயம்தான். 1994இல் உச்ச நீதிமன்றம் மாதுரி பாட்டீல் வழக்கில் சாதிச் சான்றுகளுக்குச் சரிபார்ப்புக் குழுக்கள் வேண்டுமென்று சொன்னதும் அதற்காகவே. ஆனால் பயத்தில் கேட்கப்படும் கேள்விகள் இருக்கிறதே... "அப்பாவின் சான்று இருக்கிறதா?" பள்ளிக்கூடமே போகாத அப்பாவுக்கு எதற்குச் சான்று வாங்கியிருப்பார்கள்? "இருளர் என்றால் மலையில்தானே இருப்பார்கள்?" செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் சமவெளிகளில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள் எந்த மலைக்குப் போவார்கள்?

ஒரு விசாரணைக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன். அங்கே ஓர் அதிகாரி விண்ணப்பித்திருந்த ஒரு பெண்ணிடம், "பாம்பு பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். பதினேழு வயதுப் பெண். தலையைக் குனிந்துகொண்டாள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருப்பதும், 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்ததும் எல்லாருக்கும் தெரியும். அது உரிமம் பெற்ற சில நூறு பேரின் தொழில். மற்றவர்கள் பாம்பைத் தொட்டால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வழக்கு. குற்றம் செய்து காட்டினால்தான் சான்று என்றா சொல்கிறீர்கள்?

கேட்க வேண்டியதைக் கேட்டால் அரை மணி நேரத்தில் விஷயம் விளங்கிவிடும். பெண் எங்கே கொடுத்தார்கள், எங்கே எடுத்தார்கள்? தங்கள் தெய்வமான கன்னியம்மாளுக்கு எப்போது பொங்கல் வைக்கிறார்கள்? மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கு யாரோடு போகிறார்கள்? மணலில் புடவையைக் கட்டி நிழல் போட்டு இரவு தங்கி, விடியலில் சாமி கும்பிட்டு, கல்யாணப் பேச்சும் அங்கேயே முடித்து வருவார்கள். உறவுமுறை முழுவதும் அங்கே ஒன்றாகக் கூடியிருக்கும். பக்கத்துத் தெருக்காரரைக் கேட்டாலும் சொல்வார், நாக்கூசாமல் இழிவாகச் சொல்வார் என்பது வேறு விஷயம்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். விசாரணையை ஆடி முதல் மார்கழிக்குள் அந்தக் குடியிருப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குச் சான்று இருந்தால், அதையே வைத்து அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கும் அன்றைக்கே கொடுங்கள். சூளையில் இருப்பவர்களை அந்த ஊர் வி.ஏ.ஓ. விசாரித்து உங்களுக்கு அனுப்பட்டும். கணினி இருக்கிறது, ஒரே துறை. ஆள் இல்லையென்றால் நிராகரிக்காமல் நிலுவையில் வையுங்கள். இதற்கெல்லாம் புதிதாக நிதி வேண்டாம்.

அடுத்து, வீடு கட்டித் தரும் விஷயத்துக்கு வருவோம். ஏரிப் புறம்போக்கில் பட்டா தர முடியாது, தெரியும். ஏரியைக் காப்பாற்றுவதும் சரிதான். ஆனால் பட்டா இல்லாததால் வீடு இல்லை என்று எழுதுகிற அதே கோப்பில், மாற்று இடம் எது என்று ஏன் ஒரு வரிகூட இல்லை? நிலம் தேடுவது வருவாய்த் துறையின் வேலைதானே?

பிளஸ் டூ முடித்த அந்தப் பெண்ணுக்கு மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கிறேன். போன வருடச் சேர்க்கை முடிந்துவிட்டது. இப்போது அவளும் சூளையில் கல் அறுக்கிறாள். தொடர்பு எண் கேட்கும் இடத்தில் இந்த முறை என் எண்ணையே கொடுத்திருக்கிறேன். உங்கள் ஆள் வரும்போது கூப்பிடட்டும். ஏரிக்கரைக்கோ சூளைக்கோ, எதுவானாலும் வண்டியில் நானே கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
இ-சேவை மையக்காரன்