நாளைய சிங்கப்பூர் சுற்று: மாணவர்களுக்கு அறிவிப்பு

நாளை காலை, 1827-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயிலையும், அதே சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள புத்தர் பல் ஆலயத்தையும் பார்த்த பின், அருகிலுள்ள மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தில் மதிய உணவு உண்போம். கோழிச் சோற்றுக்குப் பெயர்பெற்ற இடம் என்றாலும், நீண்ட வரிசையில் நின்று பிற்பகலை இழக்க வேண்டாம் என்பது என் கருத்து. மற்ற கடைகளும் சுவையில் குறைந்தவை அல்ல. மேசையில் டிஷ்யூ பொட்டலம் இருந்தால், அவ்விடத்தை வேறொருவர் பிடித்து வைத்திருக்கிறார் என்று பொருள். உண்ட தட்டுகளை நாமே திருப்பி வைப்பது 2021 முதல் கட்டாயம். எம்.ஆர்.டி. ரயிலில் உண்பதற்கும் பருகுவதற்கும் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் உண்டு என்பதால், தண்ணீரைக்கூட ஏறுமுன் குடித்துவிடுங்கள். மாலையில் ‘கார்டன்ஸ் பை தி பே’ எனும் கரையோரப் பூந்தோட்டங்களுக்குச் சென்று, இலவச ஒளிக்காட்சியைக் கண்டபின் விடுதி திரும்புவோம். சைவ உணவினர் இன்றிரவே தெரிவிக்கவும்.