வெள்ளியைத் தாழ்த்தும் கலமும் வெள்ளியை ஏற்கும் கலமும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் உணவுக் கால்வாயின் அகஞ்சுரக்கும் (ஓமோன்களைச் சுரக்கும்) கலங்கள் பற்றி வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு வாசித்தேன். இத்தகைய பொருளைத் தமிழில் எழுத முன்வருவோர் மிகச் சிலரே. எனினும், நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்காக இழையங்களுக்கு இடும் வெள்ளிச் சாயத்தில் கறுக்கும் கலங்கள் அனைத்தையும் ‘வெள்ளிநாட்டக் கலங்கள்’ என்னும் ஒரே சொல்லில் கட்டுரையாளர் அடக்கியதோடு, அவ்வாறு கறுக்காத நேர்குடற் கட்டி இவ்வகையைச் சேர்ந்ததே அன்று எனவும் முடிவு கூறியிருக்கிறார். கொழும்பில் இழையவியல் ஆய்வுகூடமொன்றில் பல ஆண்டுகள் வெள்ளிக் கறை படிந்த விரல்களோடு வேலை செய்தவன் என்ற முறையில், இதைத் திருத்தாமல் விட மனம் ஒப்பவில்லை.

இங்கே இருவகைக் கலங்கள் உள்ளன. ஒருவகையின் சிறுமணிகளில் செரட்டோனின் என்னும் ஓமோன் இருக்கிறது. போமலினில் பதனிடும்போது அது போமல்டிகைட்டுடன் சேர்ந்து வலிய தாழ்த்தும் பொருளாக (வெள்ளி அயன்களை உலோக வெள்ளியாக்கும் பொருளாக) மாறுவதால், அமோனியா கலந்த வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் இட்டால் வேறெந்த உதவியும் இன்றி உலோக வெள்ளி கருமணிகளாகப் படிகிறது. இவையே அர்ஜென்டாஃபின் கலங்கள். மற்றவகை வெள்ளி அயன்களைப் பற்றிக்கொள்ளுமே தவிர, தானாக அவற்றை உலோகமாக்காது; ஐதரோகுயினோன் போன்ற தாழ்த்தியொன்றை வெளியிலிருந்து கொடுத்தால்தான் கறுக்கும். இவை அர்ஜைரோஃபில் கலங்கள். பழைய ஸ்ரூடியோ இருட்டறைகளில் படம் கழுவியவர்களுக்கு இந்த ஐதரோகுயினோன் புதிதன்று. அங்கும் அது செய்தது இதே வேலையைத்தான். முதல்வகைக் கலங்கள் இரண்டாவது முறையிலும் கறுக்கும். ஆனால் இரண்டாம் வகைக் கலங்கள் முதல் முறையில் கறுப்பதில்லை. இரைப்பையில் ஹிஸ்டமினைச் சுரக்கும் கலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: அது வெள்ளியை ஏற்கும், தாழ்த்தாது.

கட்டிகளிலும் இந்த வேறுபாடு அப்படியே தொடர்கிறது. 1907இல் ஜெர்மானிய நோயியலாளர் ஒபர்ன்டோர்பர் ‘கார்சினோயிட்’ (புற்றுநோய் போன்றது) என்று பெயரிட்ட கட்டிகள் அகஞ்சுரக்கும் கலங்களிலிருந்து தோன்றுபவை என்பதை, 1914இல் பிரெஞ்சு நோயியலாளர் பியர் மசோன் வெள்ளியைக் கொண்டே காட்டினார். சிறுகுடலின் கடைப்பகுதியிலும் குடல்வளரியிலும் வரும் இத்தகைய கட்டிகள் பெரும்பாலும் தாமாகவே கறுக்கும். நேர்குடலில் வருபவை பெரும்பாலும் அவ்வாறு கறுப்பதில்லை. 1968இல் சுவீடனைச் சேர்ந்த கிறிமேலியஸ் வெளியிட்ட, வெளித்தாழ்த்தியைப் பயன்படுத்தும் முறையில் அவற்றுள் ஒரு பகுதி கறுக்கும். ஆகவே, வெளித்தாழ்த்தி இல்லாத மசோன் முறையில் கறுக்கவில்லை என்பதை மட்டும் வைத்து ஒரு நேர்குடற் கட்டியை இவ்வினத்திலிருந்து நீக்குவது பெரும் பிழை. மறுபுறம், தோலின் நிறப்பொருளான மெலனினும் வெள்ளியைத் தாழ்த்தும் என்பதால், கறுத்ததெல்லாம் கார்சினோயிட் என்றும் சொல்லிவிட முடியாது.

இன்று நோயறிதலில் இக்கலங்களில் உள்ள குறோமோகிரனின், சினப்ரோபிசின் ஆகிய புரதங்களுக்கான பிறபொருளெதிரிகளே முதலிடம் பெறுகின்றன என்று கட்டுரையாளர் கூறுவது சரியே. கட்டியின் தரத்தைத் தீர்மானிக்கும், பிரிந்து பெருகும் கலங்களின் வீதமாகிய கி-67 சுட்டியை, அதாவது அது 3 வீதத்துக்குக் கீழா, 3 முதல் 20 வீதம் வரையா, அதற்கும் மேலா என்பதை, எந்த வெள்ளிச் சாயமும் சொல்லாது. ஆனால் விலங்குகளின் குடலை ஆராய்பவருக்கு நிலைமை வேறு. மனிதப் புரதத்துக்கென உருவாக்கிய பிறபொருளெதிரி பல்லியின் புரதத்தையோ மீனின் புரதத்தையோ எப்போதும் இனங்காணும் என்று நம்ப முடியாது. வெள்ளியோ கலத்தின் இரசாயனத்தைப் பார்க்கிறதேயன்றி, அது எந்த உயிரினத்துக் கலம் என்று கேட்பதில்லை.

செய்முறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் கட்டுரை அதை ஒரே வரியில் கடந்துவிட்டது. பயிலுநராக இருந்த காலத்தில் வெள்ளவத்தைச் சந்தை இறைச்சிக் கடையில் ஆட்டுக்குடல் வாங்கிவந்து மசோன் முறையைச் செய்துபார்த்தேன். ஒரு கலம்கூடக் கறுக்கவில்லை. ஆட்டின் குடலில் இக்கலங்கள் இல்லை என்றே எண்ணிவிட்டேன். வெட்டிப் பல மணித்தியாலங்கள் கழிந்த குடலில் இந்தத் தாக்கம் மங்கிவிடும் என்பதை மூத்த தொழினுட்பவியலாளர் ஒருவர் பின்னர் சொன்னார். அறுத்தவுடன் போமலினில் இட்ட துண்டு, குழிச் சுரப்பிகளின் அடியில் கறுத்த கலங்களை அழகாகக் காட்டியது. மதுசாரத்தில் பதனிட்டாலும் இதே ஏமாற்றம்தான், செரட்டோனின் அதில் கரைந்துபோய்விடும். குழாய்நீரிலுள்ள குளோரைட்டு வெள்ளியை வெண்படிவாக்கிவிடும் என்பதால் காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதுவும் கூடாது. அமோனியா வெள்ளிக் கரைசலை மிச்சம் வைக்கவே கூடாது. பழையதானால் வெடிக்கும் சேர்வைகள் அதில் உருவாகும். மாணவர்கள் வாசிக்கும் கட்டுரையில் இந்த எச்சரிக்கை விடுபட்டது எனக்கு வருத்தமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசனரி வைத்தியர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த நாடு இது. சொல்லுக்குப் பஞ்சம் என்று கூறுவதற்கில்லை. தாழ்த்தல், தாழ்த்தி ஆகிய சொற்கள் நமது இரசாயனப் பாடநூல்களில் ஏற்கெனவே உள்ளன. எனவே முதல்வகையை ‘வெள்ளிதாழ்த்திக் கலம்’ என்றும் இரண்டாவதை ‘வெள்ளியேற்கும் கலம்’ என்றும் குறிக்கலாம் என்பது எனது கருத்து. இவற்றைவிட நல்ல சொற்களை மருத்துவபீடத்தார் தந்தால் ஏற்றுக்கொள்வேன், இரண்டு சொற்களாக இருந்தால் போதும். நேர்குடற் கட்டி பற்றிய கூற்றுக்கு அடுத்த வாரப் பக்கத்தில் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.