இருபத்தொரு நாளைக்கு ஒரு ஊசி

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். என் மகளுக்கு 14 வயது. ருமாட்டிக் இதய நோய், அதாவது தொண்டைக் கிருமியால் வந்த இதய வால்வு பாதிப்பு. 21 நாளைக்கு ஒருமுறை பென்சத்தைன் பெனிசிலின் 12 லட்சம் யூனிட் போட்டாக வேண்டும். போன வாரம் சீட்டை நீட்டியதும், "ரியாக்‌ஷன் ஆனா யார் பொறுப்பு? பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடுங்க" என்றார்கள். இது முதல்முறை இல்லை. இரண்டு பஸ் மாறிப் போய் வந்தோம். எனக்கு ஒரு நாள் கூலி போயிற்று, அவளுக்கு ஒரு பரீட்சை.

ஒன்பது வயதில் அவளுக்குத் தொண்டை வலி வந்து நாலு நாளில் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால். "வளர்ற வயசு" என்று நாங்களும் விட்டுவிட்டோம். படியேறினால் மூச்சு வாங்கிய பிறகுதான் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தோம். இதயத்தின் மைட்ரல் வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசிகிறது. தொண்டைக்கு வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய உடம்பு, வால்வையும் சேர்த்துத் தாக்கிவிட்டதாம். அந்தக் கிருமி திரும்பத் திரும்ப வந்தால் வால்வு இன்னும் தடித்துச் சுருங்கும். அதைத் தடுக்கத்தான் இந்த ஊசி. உகாண்டாவில் ஆரம்பநிலை பாதிப்புள்ள 818 பிள்ளைகளை இரண்டு வருடம் கவனித்தார்கள். ஊசி போடாதவர்களில் 8.2 சதவீதம் பேருக்கு நோய் முற்றியது, போட்டவர்களில் 0.8 சதவீதம்தான். 2022இல் வெளிவந்த ஆய்வு இது.

உங்கள் பயம் புரியாமல் இல்லை. ஆனால் மாற்றலாகிப் போன ஒரு சிஸ்டர் இங்கேயே போட்டுக்கொண்டுதான் இருந்தார். முதலில் தண்ணீர் குடிக்கச் சொல்வார், படுக்கவைப்பார். ஒவ்வாமை வந்தால் உடனே போட அட்ரினலின் தட்டில் தயாராக இருக்கும். பால் மாதிரி கெட்டியான மருந்து, சின்ன ஊசியில் அடைத்துக்கொள்ளும். பெரிய ஊசி மாட்டி, பேச்சுக் கொடுத்தபடியே நிதானமாக ஏற்றுவார். அப்புறம் அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரவைப்பார். அவ்வளவுதான்.

வால்வு மாற்ற வேண்டி வந்தால் காப்பீட்டு அட்டை இருக்கிறது, லட்சக்கணக்கில் அரசு கொடுக்கும். சரி, உலோக வால்வு வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் வார்ஃபரின். நாளை அவள் பிள்ளை உண்டானால், கருவுக்கே அந்த மாத்திரை ஆபத்து. இந்த ஊசியோ மலிவு; ஆனால் போடத்தான் ஆளில்லை.

அடுத்த தவணை 18ஆம் தேதி, வியாழக்கிழமை. மருந்துக் குப்பியும் அட்டையுமாகக் காலை ஒன்பது மணிக்கு வருகிறோம். பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியட் மட்டும் அனுமதி கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்