ஸ்கூலுக்கு போலீஸ் வரட்டும், ஆனா ஜீப்போட வேணாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஸ்கூல்ல போலீஸ் போடலாமா வேணாமான்னு எல்லாரும் பேசுறாக. அமெரிக்காவுல துப்பாக்கியோட போலீஸ் ஸ்கூல்லயே இருக்கிறது ரொம்ப வருஷப் பழக்கம், அப்படியும் 2022ல டெக்சாஸ்ல யுவால்டி ஸ்கூல்ல 19 புள்ளைகளும் 2 டீச்சருங்களும் செத்த அன்னிக்கு போலீஸ்காரவுக ஒரு மணி நேரத்துக்கு மேல வராண்டாவுலயே நின்னாக. அந்த மாதிரி காவல் நமக்கு வேணாம்யா.

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் எங்க கவலையே வேற. கஞ்சா, பீடி இலை, பிடிக்கத் தடை பண்ணுன கடல் அட்டைன்னு கரையில கடத்தலுக்குக் கைமாறுது, அதைத் தூக்கிட்டுப் போக சின்னப் பையனா பாத்துத்தான் கூப்புடுறாங்க, மாட்டுறதும் அவன்தான், குடுத்தனுப்புனவன் வீட்டுல இருக்கான். பொடிப்பசங்கள கஞ்சா தூக்க இழுத்தா 7 வருஷம் வரைக்கும் உள்ள போகலாம்னு சட்டம் இருக்கு, அதை எந்தப் புள்ளைக்கும் யாரும் சொல்லல.

எங்க பக்கத்து ஸ்கூல் ஒண்ணுல ப்ளஸ் ஒன் பசங்க ரெண்டு பேரு அடிச்சிக்கிட்டாங்கன்னு ஸ்டேஷனுக்கு போன் போட்டு, காக்கிச் சட்டையில வந்து அத்தனை புள்ளைக முன்னாடியும் ஜீப்புல ஏத்துனாக. அதுல ஒருத்தன் அதோட ஸ்கூலை விட்டுட்டான், இப்ப கடல் தொழிலுக்குப் போறான். வகுப்புச் சண்டையைத் தீக்க வாத்தியார் இருக்காரு, அப்பன் ஆத்தா இருக்கோம், இதுக்கு எதுக்குய்யா போலீஸ்?

2015 இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் குழந்தை நல போலீஸ் அதிகாரி ஒருத்தர் இருக்கணும். புள்ளைகளைப் பாலியல் கொடுமையில இருந்து காக்குற போக்சோ சட்டத்துல புள்ளைகிட்ட வாக்குமூலம் வாங்கும்போது யூனிபார்மே போடக்கூடாதுன்னு இருக்கு. அப்படி சாதா உடுப்புல அந்த அதிகாரி, கூட ஒரு பெண் போலீஸ், மாசம் ஒரு தடவையாச்சும் வந்து பேசட்டும், புள்ளைகளுக்கான உதவி போன் நம்பர் 1098 எதுக்குன்னு சொல்லட்டும். வீட்டுலயோ பஸ்லயோ ஏன் ஸ்கூல்லயே ஒரு பொம்பளப் புள்ளைக்குத் தொந்தரவுன்னா யாருகிட்ட சொல்றதுன்னு அதுக்கு ஒரு முகம் தெரியணும். வந்த கையோட ஸ்கூலைச் சுத்தி 100 கெஜத்துக்குள்ள பீடி சிகரெட் விக்கிற பெட்டிக்கடையையும் பாத்துட்டுப் போகட்டும், அது விக்கவே கூடாது.

எஸ்பி ஐயாவும் கல்வி அதிகாரியும் கலந்து பேசி ஜூன்ல ஸ்கூல் தொறக்கிறதுக்குள்ள அந்த அதிகாரி பேரும் போன் நம்பரும் ஒவ்வொரு ஸ்கூல் வாசல்லயும் எழுதி வைக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
மீனவப் பெற்றோர் ஒருவர், பாம்பன்