ஒரே தடத்தில் ரயிலும் சைக்கிளும்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த பருவத்துக்கான பயணத் திட்டத்தை அனுப்பிய நாளிலிருந்து உங்களிடமிருந்து இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. "சைக்கிள் ஓட்டத்தானே வருகிறோம், நடுவில் எதற்கு ரயிலில் உட்கார வைக்கிறீர்கள்?" என்பது ஒன்று. "பாரம்பரிய ரயில் என்று சொல்லித் தடத்தையே பிடித்து வைத்திருக்கிறார்கள். தண்டவாளத்தை எடுத்துவிட்டு முழுவதையும் சைக்கிள் பாதையாக்கச் சொல்லும் மனுக்களில் நீங்களும் கையெழுத்துப் போடலாமே?" என்பது மற்றொன்று. பாரம்பரிய ரயில் என்றால், வழக்கமான சேவை நின்றுபோன தடத்தில் ஆர்வலர்கள் பழைய எஞ்சினையும் பெட்டிகளையும் சுற்றுலாவுக்காக ஓட்டுவது. பழைய ரயில் தடங்களில் சைக்கிள் பயணம் நடத்தித்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. அதனால் கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் நாங்கள் கையெழுத்துப் போடுவதில்லை. ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் அந்த ரயில் நாளைப் பற்றி. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கம்பர்லாந்திலிருந்து ஃப்ராஸ்ட்பர்க் வரை மலையேறும் பாரம்பரிய ரயில் ஒன்று உண்டு. ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரம். அதை ஒட்டியே கிரேட் அலெகெனி பாஸேஜ் என்ற சைக்கிள் பாதையும் போகிறது. பிட்ஸ்பர்க் வரை 240 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதையின் வேலை 2013-ல் முடிந்தது. உங்கள் சைக்கிளையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு மேலே போகிறோம். ஃப்ராஸ்ட்பர்க்கில் இறங்கி, அதே தடத்தின் ஓரமாக மிதிக்க வேண்டிய அவசியமே அதிகம் இல்லாமல் கீழே வருகிறோம். ஏற்றத்துக்குப் பயந்து இத்தனை வருடம் எங்களுடன் வராமலே இருந்த பெரியவர்கள் இந்த ஒரு நாளுக்காகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ரயில் இல்லையென்றால் அவர்களுக்கு அந்த மலையே இல்லை.

வழியில் பிரஷ் குகை வரும்; ரயிலுக்காக மலையைக் குடைந்த சுரங்கப்பாதை அது. சுமார் 280 மீட்டர் நீளம். அகலமான குகை என்பதால் ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் பாதை என்று இரண்டும் உள்ளேயே போகின்றன. ரயில் வரும் நேரம் தெரிந்தால் நாங்கள் உள்ளே நுழையாமல் வெளியே சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் காத்திருப்போம். நீராவி எஞ்சின் என்றால் புகை அடங்கும் வரை இன்னும் கொஞ்சம். அந்தக் காத்திருப்பு வீண் நேரம் என்று எங்களுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

சரி, எல்லா இடத்திலும் இப்படிச் செய்ய முடியுமா? முடியாது. பிரச்சினை அகலத்தில்தான் இருக்கிறது. வரைபடத்தில் ரயில் நிலம் முப்பது மீட்டர் அகலம் என்று காட்டலாம். ஆனால் சதுப்பு நிலத்தில் மண் கொட்டி எழுப்பிய கரையின் மேல்பகுதி, ஒற்றைத் தண்டவாளமும் ஜல்லியும் உட்காரும் அளவுக்குத்தான் இருக்கும். மலையைக் குடைந்த இடத்தில் பாறை இரண்டு பக்கமும் நெருக்கும். பழைய இரும்புப் பாலத்தில் ரயிலுக்கு மட்டுமே இடம். இரண்டு சைக்கிள்கள் எதிரெதிரே போக மூன்று மீட்டராவது வேண்டும், தண்டவாளத்துக்கும் பாதைக்கும் நடுவே இடைவெளி வேண்டும், வேலி வேண்டும், மழைத்தண்ணீர் வடிய வழி வேண்டும். கரையை அகலப்படுத்தினால் சதுப்பை மூட வேண்டிவரும். பாலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாலம் கட்ட வேண்டிவரும். அங்கேதான் செலவு எகிறுகிறது. "பக்கத்திலேயே ஒரு பாதை போட்டுவிட வேண்டியதுதானே" என்று சொல்பவர்களும், "இரண்டும் சேர்ந்து நடக்கவே நடக்காது" என்று சொல்பவர்களும் பெரும்பாலும் தடம் முழுவதையும் நடந்து பார்க்காதவர்கள். சில கிலோமீட்டருக்கு ஒருமுறை பதில் மாறும்.

இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கும் பாத் நகரத்துக்கும் இடையே 1979-லிருந்து 1986 வரை கட்டிய 21 கிலோமீட்டர் பாதையைப் பாருங்கள். வழியில் உள்ள பிட்டன் நிலையத்தில் ரயில் ஆர்வலர்கள் 1972-லேயே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். இன்று அங்கே சுமார் ஐந்து கிலோமீட்டருக்குப் பாதையும் நீராவி ரயிலும் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. மற்ற தூரமெல்லாம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும்தான். இங்கிலாந்தில் பாரம்பரிய ரயில்கள் பொதுவாக மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. இப்படிப் பக்கத்தில் ஓடுவதற்கு அந்த மெதுவான வேகமும் ஒரு காரணம்.

இடமே இல்லாத ஊர்களில் இன்னொரு வழி இருக்கிறது: தடத்தை நீளவாக்கில் பிரித்துக்கொள்வது. நியூயார்க் மாநிலத்தில் அடிரோண்டாக் மலைக்குள் போகும் தடம் 1890-களின் தொடக்கத்தில் போட்டது; ரெம்சனிலிருந்து லேக் பிளாசிட் வரை சுமார் 190 கிலோமீட்டர். டப்பர் லேக் வரை ரயிலுக்கு, அதற்கு மேல் 55 கிலோமீட்டர் பாதைக்கு என்று 2016-ல் அரசு முடிவு செய்தது. 2017-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதிகளைத் திருத்தி, பிறகுதான் வேலை தொடங்கியது. 2023 கடைசியில் முதல் 16 கிலோமீட்டரைத் திறந்தார்கள். அந்தச் சண்டையில் ரயில்காரர்கள் இழந்த இடம் அவர்கள் பல வருடம் சம்பளமில்லாமல் பராமரித்த இடம். அதை நினைக்காமல் அந்தப் பாதையில் எங்களால் சைக்கிள் ஓட்ட முடியவில்லை. ஆனாலும் அந்த முடிவு தவறு என்று சொல்ல மாட்டோம். இரண்டு பேருக்கும் ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கிறது.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறோம். அமெரிக்காவில் 1983-ல் சட்டத்தைத் திருத்தி, ரயில் நின்றுபோன தடத்தைப் பாதையாகப் பயன்படுத்திக்கொண்டே, பின்னால் ரயில் தேவைப்பட்டால் திருப்பிக் கொடுக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். அந்த ஏற்பாடு இல்லாமல் பல தடங்கள் துண்டு துண்டாகக் கை மாறிப் போயிருக்கும். ஆனால் திரும்பவும் ரயில் வந்த இடங்கள் மிகக் கொஞ்சம். தண்டவாளத்தை ஒருமுறை எடுத்துவிட்டால் மறுபடி போட யாரிடமும் பணம் இருப்பதில்லை. பாதையோ பத்து வருடம் தள்ளிப்போனாலும் போடலாம். அதனால், பாரம்பரிய ரயில் உண்மையிலேயே ஓடுகிற இடத்தில் அதை நிறுத்தச் சொல்லும் எந்த மனுவிலும் எங்கள் பெயர் இருக்காது. அதே சமயம் பாலம் இடிந்து, மரம் முளைத்து, இரண்டு தலைமுறையாக ஒரு பெட்டிகூட நகராத தடத்தை "என்றாவது ஓடும்" என்று பூட்டி வைப்பதையும் நாங்கள் ஆதரிப்பதில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். துருப்பிடித்துக் கிடக்கிறதே என்று தண்டவாளத்தின் மேல் ஏறி நடக்காதீர்கள், படம் எடுப்பதற்காகக்கூட. எப்போதாவது ஓடுகிற ரயில்தான் ஆட்கள் எதிர்பாராத நேரத்தில் வரும். கடக்கும் இடங்களில் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். தண்டவாளத்தை நேர்க்குத்தாகக் கடங்கள், சாய்வாகப் போனால் சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். ரயில் கடந்து போகும்போது நின்று கை காட்டுங்கள். எஞ்சினில் இருப்பவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காமல் வேலை செய்பவர்.

ரயில் வேண்டாம், ஏற்றத்திலும் ஓட்டித்தான் வருவேன் என்பவர்கள் பெயர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அன்று காலை உங்களுடன் வர எங்கள் ஆள் ஒருவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புவார்.

அன்புடன்,
உங்கள் சைக்கிள் பயணக் குழுவினர்