எந்த ரேஸுக்கு எந்த எல்எஸ்டி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார் பந்தயம் பற்றிய உங்கள் கட்டுரையில், எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) மாட்டினால் பிடிப்பு கூடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதைப் படித்துவிட்டு, டிஃபரன்ஷியலில் (வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) உள்ளே இருக்கும் ஸ்டார் பினியன் என்ற சின்ன கியர்களை வெல்டு வைத்துத் தரச் சொல்லி என் பட்டறைக்கு ஆள் வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

2017-இல் அரிச்சல்முனைச் சாலை திறக்கும் வரை தனுஷ்கோடிக்கு மணலில்தான் வேன் போகும். சாதா டிஃபரன்ஷியல் வண்டி சிக்கினால் ஒரு பின்சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி பறிக்கும். மற்றது சும்மா நிற்கும். வழுக்கும் சக்கரத்துக்கு எவ்வளவு இழுவையோ, அவ்வளவுதான் அடுத்ததற்கும் போகும். டயரில் காற்றை இறக்கி, அடியில் பனைமட்டை திணித்துத்தான் வெளியே எடுப்போம்.

ஒரு சக்கரம் மட்டும் இப்படி வீணாகச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் மருந்துதான் எல்எஸ்டி. ஆனால் எல்லா ரேஸுக்கும் ஒரே மருந்து கிடையாது. இருங்காட்டுக்கோட்டை மாதிரி தார் டிராக்கில் முன்சக்கரம் இழுக்கும் காருக்கு டார்சன் போன்ற கியர் வகை நல்லது. ஸ்டியரிங்கை அதிகம் பிடுங்காது, தேய்கிற பிளேட்டும் இல்லை. பிடிப்பு குறைந்த சக்கரத்தில் உள்ளதைப் போல மூன்று மடங்கு இழுவையை அடுத்ததற்குக் கொடுக்கும் என்று வையுங்கள். வளைவின் ஓரத் திட்டில் (கெர்ப்) ஏறி உள்சக்கரம் அந்தரத்தில் தூக்கினால்? பூஜ்யத்துக்கு மூன்று மடங்கும் பூஜ்யம்தானே!

கரடுமுரடான மண் ராலியில் சக்கரம் அடிக்கடி தரையை விடும். அங்கே கிளட்ச் பிளேட் வகைதான் சரி. ஸ்பிரிங் முன்கூட்டியே பிளேட்டை அழுத்தி வைத்திருப்பதால் ஒரு சக்கரம் தூக்கினாலும் இழுவை மொத்தமாகப் போகாது. இதிலும் மூன்று உண்டு. ஒன்-வே, ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் இறுக்கும். டூ-வே காலை எடுத்தாலும் இறுக்கும். வண்டியைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு டிரிஃப்ட் ஓட்டுபவர்கள் கேட்பது இதைத்தான். ஒன்றரை-வே இரண்டுக்கும் நடுவில்.

நேர்கோட்டில் பறக்கும் டிராக் (drag) ரேஸுக்கு மொத்தமாகப் பூட்டிய ஸ்பூல் போதும். வெல்டு வைப்பதும் கிட்டத்தட்ட அதேதான். வெல்டு கேட்டு வந்த பையன்கள் அதோடு ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் வண்டியைத் திருப்பிப் பார்க்கட்டும்: டயர் கீச்சிடும், ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். நான் செய்து தர மறுத்துவிட்டேன்.

அடுத்த முறை எழுதும்போது பிளேட் வகைக்குரிய தனி கியர் ஆயிலைப் பற்றியும் இரண்டு வரி போடுங்கள். சாதா ஆயில் ஊற்றிவிட்டு, திரும்பும்போதெல்லாம் கடகடவென்கிறது என்று எங்களிடம்தான் வருகிறார்கள்.

இப்படிக்கு,
ஜீப் மெக்கானிக் ஒருவர்,
மண்டபம்.